எங்க வீட்டு நகை: மீட்பு பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் ‘என் மீட்பர் உயிரோடிருக்கிறார்’ என்ற யோபுவின் வார்த்தையைப் பற்றி நான்கைந்து வரிதான் எழுதியிருந்தேன். அதையொட்டி நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. இந்த இதழ் முழுவதையும் அவற்றுக்கே கொடுக்கிறேன். கேட்டவர்கள் பலர் பேர் போட வேண்டாம் என்றதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் கோயிலில் ‘இரட்சிப்பு’ என்கிறார்கள். என் மனைவி கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். அவர்கள் ‘மீட்பு’ என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? (திருச்சி வாசகர்)

பேச்சுவழக்கில் ஒன்றாகிவிட்டன. கிறிஸ்து பிறந்த இரவில் தேவதூதன் மேய்ப்பர்களுக்குச் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பழைய வேதாகமத்தில் ‘கிறிஸ்து என்னும் இரட்சகர்’ என்றிருக்கும். 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் ‘மெசியா என்னும் மீட்பர்’ என்றிருக்கும். கிரேக்கச் சொல் ஒன்றே. அதனால் வீட்டில் இதற்காகச் சண்டை வேண்டாம்.

ஆனால் நான் 34 வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள். இரண்டு சொல் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி வேலை இருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே பழகியவள். ஆற்றில் விழுந்த பிள்ளை யார் பிள்ளை என்று தெரியாமலேயே காப்பாற்றலாம். மீட்பது அப்படியில்லை. மீள் என்றால் திரும்பி வருதல். மீட்டல் என்றால் திரும்பி வரச் செய்தல். எங்கிருந்து போனதோ அங்கேயே திரும்ப வர வேண்டும். தீயணைப்புப் படையின் மீட்புப் பணி என்று தினமும் செய்தித்தாளில் படிப்பதால் இந்த வித்தியாசம் நமக்கு மங்கிப்போயிற்று. அடகுக் கடைச் சீட்டில் மட்டும் இன்னும் மங்கவில்லை.

1974-ல் எனக்கு ஆசிரியப் பயிற்சியில் இடம் கிடைத்தது. அப்பா தவறி இரண்டு வருஷம். அம்மாவிடம் இருந்தது ஒரே ஒரு மூன்று பவுன் சங்கிலி. அதை அறுநூறு ரூபாய்க்கு வைத்து என்னைச் சேர்த்தாள். வட்டி கட்ட முடியவில்லை, கெடு முடியப் போகிறது என்று கடையிலிருந்து கடிதம் வந்தது. சித்தப்பாவுக்கு எப்படித் தெரிந்ததோ, உழவு மாட்டில் ஒன்றை விற்றுவிட்டு, அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனார். கடைக்காரர் பேரேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது உங்க பேர்ல இல்லையே?” என்றார். சித்தப்பா துண்டில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்துக்கொண்டே, “அண்ணன் வீட்டு நகை. அப்போ எங்க வீட்டு நகைதான்” என்றார். உள்ளேயிருந்து ஒரு சின்ன உறை வந்தது. ரோஸ் காகிதத்தில் மடித்த சங்கிலி, அதன் கொக்கியில் நூல் கட்டி ஒரு அட்டைத் துண்டு, அட்டையில் பேர் இல்லை, ஒரு எண் மட்டும். சித்தப்பா அந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்து, அட்டையைக் கடை மேசையிலேயே வைத்துவிட்டு, சங்கிலியை அம்மா கையில் கொடுத்தார்.

வேதாகமத்தில் மீட்பு என்று வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடைதான் கண்முன் வருகிறது. யாரும் அடுத்தவர் நகையை மீட்கப் போவதில்லை. தன்னுடையதைத்தான் மீட்பார்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தல் வரை பல கதவுகள் திறக்கும்.

கேள்வி: போவாஸ் ரூத்தைக் கல்யாணம் செய்ததை ‘மீட்பு’ என்று பிரசங்கத்தில் சொன்னார்கள். ரூத் புத்தகத்தைத் தேடிப் பார்த்தேன். மீட்பர் என்ற சொல்லே இல்லையே? செருப்பைக் கழற்றிக் கொடுப்பது எதற்கு? (நாகர்கோவில் வாசகி)

கவனித்துப் படித்திருக்கிறீர்கள், அம்மா. எபிரேயத்தில் இருக்கிறது, நம் மொழிபெயர்ப்பில்தான் ஒளிந்துகொண்டது. சொல் ‘கோயேல்’. நம் பழைய வேதாகமம் அதை ரூத்தில் ‘சுதந்தரவாளி’ என்றும், யோபுவில் ‘மீட்பர்’ என்றும், எண்ணாகமம் 35-ல் கொலைக்குப் பழி வாங்கும் உறவினன் என்ற பொருளிலும் வைத்திருக்கிறது. மூன்றும் ஒரே ஆள். குடும்பத்தில் எது கைவிட்டுப் போனாலும் அதைத் திரும்பக் கொண்டுவரக் கடமைப்பட்ட நெருங்கிய சொந்தக்காரர். நிலம் போனால் நிலம், ஆள் அடிமையாகப் போனால் ஆள், உயிர் போனால் அதற்கு நியாயம்.

இதன் சட்டம் லேவியராகமம் 25-ல் இருக்கிறது. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். கிராமத்தில் ஒத்திப் பத்திரம் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றவே தோன்றாது. நிலத்தை அறுதியாய் விற்கக் கூடாது, ஏனென்றால் ‘தேசம் என்னுடையதாயிருக்கிறது’ என்கிறார் கர்த்தர். விற்பது உண்மையில் அடுத்த யூபிலி வருஷம் வரைக்குமான விளைச்சலைத்தான். யூபிலி ஐம்பதாம் வருஷம் வரும்; அப்போது நிலம் பழைய சொந்தக்காரனுக்கே திரும்பும். அதற்கு எத்தனை வருஷம் பாக்கியோ அதற்குத் தக்கபடி விலை கூடும், குறையும். இடையில் சொந்தக்காரன் வந்தால், பாக்கி வருஷங்களுக்குக் கணக்குப் பார்த்துப் பணத்தைக் கொடுத்து மீட்டுவிடலாம். மதில் சூழ்ந்த பட்டணத்து வீட்டுக்கு மட்டும் ஒரு வருஷம்தான் கெடு. தாண்டினால் வாங்கியவனுக்கே போய்விடும். தன்னையே விற்றுக்கொண்ட மனிதனை யார் மீட்க வேண்டும் என்று வரிசையும் இருக்கிறது. முதலில் கூடப்பிறந்தவன், பிறகு தகப்பனுடைய சகோதரன், பிறகு அவன் மகன், பிறகு வேறு நெருங்கிய உறவு. ‘தகப்பனுடைய சகோதரன்’ என்ற இடத்தைப் படிக்கும்போது நான் கொஞ்சம் நிறுத்துவேன். எங்கள் சித்தப்பா லேவியராகமம் படித்திருப்பாரோ என்னவோ, அதன்படி நடந்துவிட்டார்.

இப்போது பெத்லெகேம் ஊர் வாசலுக்கு வாருங்கள். நகோமி புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் மோவாபில் புதைத்துவிட்டு, மருமகள் ரூத்தோடு வெறுங்கையாய்த் திரும்பியிருக்கிறாள். புருஷன் எலிமெலேக்கின் நிலம் கைவிட்டுப் போகிற நிலை. எலிமெலேக்கின் சொந்தக்காரரான போவாஸ் ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பேரை உட்கார வைக்கிறார். தன்னைவிட நெருங்கிய சொந்தக்காரன் ஒருவன் இருக்கிறான், உரிமை முதலில் அவனுக்கு. நிலம் என்றதும் அவன் ‘நான் அதை மீட்டுக்கொள்ளுகிறேன்’ என்று சட்டென்று சொல்லிவிடுகிறான். நிலத்தோடு மோவாபியப் பெண்ணும் வருவாள், இறந்தவனின் பேர் அந்த நிலத்தில் நிலைக்கும்படி அவளை ஏற்க வேண்டும் என்று போவாஸ் சொன்னதும் பின்வாங்குகிறான். தன் சொந்தச் சொத்து கெட்டுப்போகும் என்று பயம். பணம் போட்டு நிலம் வாங்கலாம். அதில் பிறக்கும் பிள்ளை செத்தவன் பேரில் வளர்ந்து நிலத்தை எடுத்துக்கொள்ளும் என்றால் போட்டது போனதுதானே? கணக்குப் பார்த்தான், ஒதுங்கினான். செருப்பைக் கழற்றிக் கொடுத்தது அந்தக் காலத்துக் கைமாற்றுப் பத்திரம். என் உரிமையை விட்டேன், நீ எடுத்துக்கொள் என்று சாட்சிகள் முன்னால் காட்டுவது.

அந்த மனிதனுக்கு வேதாகமத்தில் பேர் இல்லை என்பதைக் கவனியுங்கள். எபிரேயத்தில் ‘இன்னார்’ என்கிற மாதிரி ஒரு சொல்தான் இருக்கிறது. செத்தவன் பேரைக் காக்க மறுத்தவனின் பேர் போய்விட்டது. ரூத் பெற்ற ஓபேத்தின் பேரன் தாவீது.

இன்னொன்று. ரூத் அந்நிய ஜாதிப் பெண். உறவு இல்லாதவள் உறவுக்குள் கொண்டுவரப்பட்டு, அதன் பிறகு உறவின் உரிமையோடு மீட்கப்படுகிறாள். புறஜாதியாராகிய நாம் வேதாகமத்துக்குள் நுழைகிற வாசல் எனக்கு அந்தப் பெத்லெகேம் வாசலாகத்தான் தெரிகிறது.

கேள்வி: கடவுள் பரலோகத்தில் இருந்தபடியே ‘மன்னித்தேன்’ என்று சொல்லியிருக்கலாமே? மனிதனாக வர வேண்டிய அவசியம் என்ன? (கோவை வாசகர்)

மேலே உள்ள பதிலிலேயே பாதி வந்துவிட்டது. மீட்கிறவர் சொந்தக்காரராக இருக்க வேண்டும். எபிரெயர் நிருபம் 2-ம் அதிகாரம் அதைத்தான் சொல்கிறது: பிள்ளைகள் மாம்சமும் இரத்தமும் உடையவர்களாயிருக்க, அவரும் அப்படியே ஆனார், ‘அவர்களைச் சகோதரரென்று சொல்ல அவர் வெட்கப்படாமல்’ என்று. பெத்லெகேமின் மாட்டுத் தொழுவத்தை நாம் ஏழ்மையின் அடையாளமாக மட்டும் பார்க்கிறோம். அது உறவு முறை ஏற்பட்ட இடமும்கூட. சகோதரன் ஆனபிறகுதான் சகோதரனுடைய கடனில் கைவைக்க முடியும்.

கேள்வி: ‘அநேகரை மீட்கும் பொருளாக’த் தம் ஜீவனைக் கொடுத்தார் என்கிறது மாற்கு 10:45. பொருள் கொடுத்தால் வாங்குகிறவன் ஒருவன் வேண்டும். கடவுள் அதை யாருக்குக் கொடுத்தார்? சாத்தானுக்கா? கல்லூரி விடுதியில் நண்பன் கேட்டான், பதில் சொல்ல முடியவில்லை. (மதுரை மாணவர்)

தம்பி, உங்கள் நண்பன் கேட்டது ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கும் மேலாகச் சபை கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி. அதனால் பதில் தெரியாததற்கு வெட்கப்பட வேண்டாம்.

3-ம் நூற்றாண்டில் வேத அறிஞர் ஓரிகன், சாத்தானிடம் ஒப்படைக்கப்பட்ட விலை என்ற வகையில் எழுதினார். 4-ம் நூற்றாண்டில் நிசா ஊரின் ஆயர் கிரகோரி வார்த்தையால் ஒரு படம் வரைந்தார்: கிறிஸ்துவின் மாம்சம் தூண்டில் இரை, உள்ளே மறைந்திருந்த தெய்வீகம் முள், சாத்தான் இரையைப் பார்த்து விழுங்கி முள்ளில் மாட்டினான். கேட்க அழகாயிருந்தாலும் எனக்கு அதில் நெஞ்சு ஒட்டவில்லை. கடவுள் ஏமாற்றி ஜெயித்தார் என்று வருகிறது. அதே காலத்தில் அவருடைய நண்பர் நசியான்சின் கிரகோரி ஒரு ஈஸ்டர் பிரசங்கத்தில் நேராகவே கேட்டார்: திருடனுக்கா விலை கொடுப்பது? அதுவும் கடவுளையே விலையாக? சரி, பிதாவுக்கா? பிதா நம்மைச் சிறைவைக்கவே இல்லையே; ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியாகக் கொண்டுவந்தபோதும் வாங்காமல் ஆட்டுக்கடாவை மாற்றிக் கொடுத்தவர் அல்லவா அவர்? பிறகு 1098-ல் கான்டர்பரி பேராயர் அன்செல்ம், கடன் சாத்தானுக்கில்லை, மனிதன் கடவுளுக்குச் செலுத்தாமல் விட்ட கனம்தான் கடன் என்று வாதாடினார். மேற்கத்திய சபைகள் பெரும்பாலும் அந்த வழியில் போயின. நமக்குப் பிரசங்கத்தில் வருவதும் பெரும்பாலும் அதுதான்.

நான் இறையியல் கல்லூரியில் படித்தவள் இல்லை. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். யாருக்கு என்ற கேள்விக்கு வேதாகமம் ஓரிடத்திலும் பதில் சொல்லவில்லை. அதற்கு முன்னாலேயே யாத்திராகமத்தில் இந்தச் சொல்லை நமக்குப் பழக்கிவைத்திருக்கிறது. ‘ஓங்கிய கையினாலும் மகா தண்டனைகளினாலும் உங்களை மீட்டு’ என்று மோசேயிடம் சொன்னார் அல்லவா? பார்வோன் கையில் எத்தனை காசு விழுந்தது? ஒன்றும் இல்லை. ஜனங்கள் எகிப்தியரிடம் வெள்ளியும் பொன்னும் வாங்கிக்கொண்டு புறப்பட்டார்கள். ஏசாயா 52 இன்னும் தெளிவு: விலையில்லாமல் விற்கப்பட்டீர்கள், பணமில்லாமல் மீட்கப்படுவீர்கள் என்று. ஆக, விலை என்று வேதாகமம் சொல்லும்போது யார் பெட்டியில் விழுந்தது என்பதை அது தேடுவதில்லை. மீட்டவருக்கு என்ன செலவாயிற்று என்பதைத்தான் சொல்கிறது. சித்தப்பா கொடுத்த பணத்தைக் கடைக்காரர் எந்தப் பெட்டியில் போட்டார் என்று எனக்கு ஞாபகமே இல்லை. அடுத்த பட்டத்தில் சித்தப்பா ஒற்றை மாட்டோடு பக்கத்து வயல்காரரிடம் இணைமாடு கேட்டு நின்றது மட்டும் நேற்றுப் பார்த்ததுபோல் இருக்கிறது.

இன்னொரு விஷயம், சரித்திரத்தில் ஆர்வம் இருந்தால் உங்களுக்குப் பிடிக்கும். கிரேக்க நாட்டில் டெல்ஃபி என்ற ஊரில் அப்பொல்லோ கோயிலின் பெரிய தாங்கு சுவரில் அடிமை விடுதலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அந்த ஊரில் கிடைத்தவை மொத்தம் ஆயிரத்துக்கும் மேல். அப்பொல்லோ இன்ன அடிமையை இன்ன எஜமானிடமிருந்து இன்ன விலைக்கு, விடுதலைக்காக வாங்கினார் என்று வெட்டியிருக்கும். சாமி பேரில் கிரயம்; இனி எந்த மனிதனும் அவனை அடிமை என்று உரிமை கொண்டாட முடியாது. டெல்ஃபிக்குத் தெற்கே வளைகுடா, அதன் கோடியில் கொரிந்து. அந்தக் கொரிந்து சபைக்குத்தான் பவுல், ‘கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள், மனுஷருக்கு அடிமைகளாகாதிருங்கள்’ என்று எழுதினார். இந்தக் கல்வெட்டு வழக்கத்தை நினைத்துத்தான் எழுதினாரா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. ஆனால் அந்தச் சபையில் இருந்த அடிமைகள் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வித்தியாசமும் உண்டு. டெல்ஃபியில் சாமி பேரில் எழுதினாலும் பணம் அடிமை தரப்பிலிருந்தே வர வேண்டும். பெரும்பாலும் அவன் காசு காசாகச் சேர்த்ததாக இருக்கும். பவுல் சொல்லும் கிரயத்தில் அடிமையின் காசு ஒன்றும் இல்லை.

கேள்வி: தலைப்பிள்ளையை மீட்க ஐந்து சேக்கல் வெள்ளி என்று எண்ணாகமத்தில் வருகிறது. பெற்ற பிள்ளையைக் காசு கொடுத்து வாங்குவதா? (தூத்துக்குடி வாசகி)

எகிப்தில் தலைப்பிள்ளைகள் செத்த இரவில் இஸ்ரவேலின் தலைப்பிள்ளைகள் பிழைத்தார்கள். அதனால் அவர்கள் கர்த்தருக்குச் சொந்தம் என்பது ஏற்பாடு. அவர்களுக்குப் பதிலாக, ஊழியத்துக்கென்று லேவி கோத்திரத்தாரை எடுத்துக்கொண்டார். எண்ணிப் பார்த்தால் தலைப்பிள்ளைகள் 22,273, லேவியர் 22,000. மிஞ்சின 273 பேருக்குத் தலைக்கு ஐந்து சேக்கல் வீதம் 1,365 சேக்கல் கட்டினார்கள். எண்ணாகமம் 3-ம் அதிகாரம். எத்தனை துல்லியமான கணக்கு பாருங்கள்.

யூதர்கள் இன்றும் இதைச் செய்கிறார்கள். பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள், ஆசாரிய வம்சத்தார் ஒருவரை வரவழைத்து, தகப்பன் ஐந்து வெள்ளிக்காசு கொடுப்பார். அவர், “உனக்கு எது வேண்டும், பிள்ளையா காசா?” என்று கேட்பது சடங்கில் ஒரு பகுதி. தகப்பன் பிள்ளை என்று சொல்ல வேண்டும்.

நம் பாட்டிமார் பிள்ளைகளைத் தவிட்டுக்கு வாங்கினது உங்களுக்கு நினைவிருக்குமே. முன்னால் பிறந்தவை தங்காத வீட்டில், பிறந்த பிள்ளையை அடுத்த வீட்டுக்காரி கையில் கொடுத்து, ஒரு முறம் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். காரணம் வேறு, அங்கே நன்றி, இங்கே சாவுக்குப் பயம். ஆனாலும் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையைத் திரும்ப வாங்கும் தாய் அந்த நிமிஷம் பிள்ளையை எப்படி அணைத்திருப்பாள் என்பதில், காசா பிள்ளையா என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது.

கேள்வி: ஓசியா தீர்க்கதரிசி தன் மனைவியையே விலைக்கு வாங்கியது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. (சென்னை வாசகி)

இருக்கத்தான் செய்யும். ஒரு பெண்ணுக்கு விலை வைத்த உலகம் அது; அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் அருவருப்பானவர்கள். வசனத்தில் அவள் பேர் இல்லை, ஆனாலும் ஓசியாவை விட்டுப்போன கோமேர்தான் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். அவன் கொடுத்தது பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும். காசோடு ஏன் தானியம்? கையில் இருந்த வெள்ளி போதவில்லை, வீட்டுத் தானியக் குதிருக்குள் இருந்ததையும் சுரண்டினான் என்றுதான் எனக்குப் படுகிறது. தனக்குத் துரோகம் செய்தவளுக்காக, வருஷச் சாப்பாட்டை அளந்து கொடுத்திருக்கிறான்.

கேள்வி: நான் இந்து. உங்கள் பகுதியை விரும்பிப் படிப்பவன். எங்கள் மோட்சமும் உங்கள் மீட்பும் ஒன்றா? (கும்பகோணம் வாசகர்)

ஒன்று என்று சொன்னால் இரண்டுக்கும் நியாயம் செய்யாதவள் ஆவேன், ஐயா. வள்ளுவருக்கு உரை எழுதியவர்கள் சொல்லும் ‘வீடு’, விடு என்பதிலிருந்து வந்தது. பிறவிக் கட்டிலிருந்து விடுபடுதல். மீட்பு திரும்பச் சேர்தல். விடுபட்டபின் யாரிடம் போய்ச் சேர்கிறோம் என்பது அதில் முக்கியம். ‘ஆத்துமா உடம்பை விட்டு மேலே போவது’ என்று எங்களவர்களே பலர் மீட்பைச் சுருக்கிவிடுகிறார்கள். பவுல் ரோமருக்கு எழுதும்போது ‘சரீர மீட்பு’ என்கிறார். உடம்பையும் சேர்த்துத்தான்.

கேள்வி: மீட்பு ஆத்துமாவுக்கு மட்டும் இல்லையென்றால், கந்துவட்டியில் தவிக்கும் ஒருவனுக்குச் சபை என்ன செய்ய வேண்டும்? (விருதுநகர் வாசகர்)

நெகேமியா 5-ம் அதிகாரத்தைச் சபைக் கமிட்டியில் சத்தமாக வாசிக்க வேண்டும். கி.மு. 445-ல் பாரசீக ராஜாவின் அதிகாரியாக நெகேமியா எருசலேமின் மதிலைக் கட்ட வந்தார். வேலை நடக்கும்போதே பெண்களும் ஆண்களும் கூக்குரலிட்டுக்கொண்டு வந்தார்கள். பஞ்சத்தில் தானியத்துக்காக நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்தோம், ராஜாவின் வரிக்காகக் கடன் வாங்கினோம், எங்கள் குமாரத்திகள் அடிமைகளாகிவிட்டார்கள், மீட்க எங்களுக்குச் சக்தியில்லை என்று. கடன் கொடுத்தவர்கள் வெளி ஆட்கள் இல்லை. கூடவே ஜெபம் பண்ணுகிற சொந்த ஜனத்தின் பெரியவர்கள். நெகேமியா கூட்டம் கூட்டிக் கேட்டார்: அந்நியருக்கு விற்கப்பட்ட நம் சகோதரரை நாங்கள் முடிந்தவரை மீட்டுக் கொண்டுவந்தோம், நீங்கள் அவர்களைத் திரும்ப விற்பீர்களோ? அவர்கள் வாயடைத்துப்போனார்கள். நிலத்தையும் வீட்டையும் வட்டியையும் அன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லி, ஆசாரியர் முன்னால் சத்தியம் வாங்கி, தன் வஸ்திரத்தை உதறிக் காட்டினார். வார்த்தை தவறினவனைக் கடவுள் இப்படி உதறிப்போடுவார் என்று.

எனக்குத் தெரிந்த ஒரு சபையில், ஞாயிறு காணிக்கை எண்ணுகிற மேசையில் உட்கார்ந்திருந்தவரே வாரநாளில் அதே தெருவில் மீட்டர் வட்டிக்கு விட்டுக்கொண்டிருந்தார். அதைச் சொன்னவரைத்தான் எல்லோரும் குறை சொன்னார்கள். ‘மீட்கப்பட்டோம்’ என்று பாடுகிற வாயால் இன்னொருவன் வீட்டுப் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைக்க முடியாது. சபைக்குள் பத்துக் குடும்பம் சேர்ந்தால் ஒரு குடும்பத்தின் நகையைத் திருப்பிவிடலாம். செய்து பாருங்கள்.

கேள்வி: இருபது வருஷமாக விசுவாசத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் இப்போது டயாலிசிஸில் இருக்கிறார், வாரம் மூன்று நாள். மீட்கப்பட்டவர்களுக்கு ஏன் இது? (பாளையங்கோட்டை வாசகி)

சகோதரி, ஏன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. பாவத்தினால் வந்தது, விசுவாசக் குறைவால் வந்தது என்று யாராவது வீட்டுக்கு வந்து சொன்னால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எரேமியா 32-ஐ மட்டும் சொல்கிறேன். கி.மு. 587-ஐ ஒட்டிய நாட்கள். எருசலேமைப் பாபிலோன் படை சுற்றி வளைத்திருக்கிறது. தீர்க்கதரிசி எரேமியா காவல் முற்றத்தில் கைதி. அவனுடைய பெரியப்பா மகன் அனாமெயேல் அங்கே வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உனக்குத்தான் என்கிறான். ஆனதோத் எருசலேமுக்குப் பக்கத்து ஊர். எதிரிப் படை நிற்கும் திசையில். அந்த நிலத்தை யாராவது வாங்குவானா? எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தான். ஏறக்குறைய இருநூறு கிராம் வெள்ளி. பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிக் கையெழுத்து வாங்கி, முத்திரை போட்டதையும் திறந்த நகலையும் தன் எழுத்தர் பாருக் கையில் கொடுத்து, அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் போட்டு வை என்றான். இந்தத் தேசத்தில் வீடுகளும் நிலங்களும் திரும்பக் கொள்ளப்படும் என்று கர்த்தர் சொன்னதற்கு அது சாட்சி.

நகரம் விழுந்தது. எரேமியாவை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த நிலத்தில் அவன் ஒரு நாளும் கால் வைத்ததாக வேதாகமம் சொல்லவில்லை. பணம் கட்டியாயிற்று, பத்திரம் பானையில் இருக்கிறது, நிலம் இன்னும் கைக்கு வரவில்லை. நாம் இருப்பதும் அங்கேதான் என்று நினைக்கிறேன். எபேசியருக்கு எழுதும்போது பவுல் சொல்லும் வார்த்தை ‘அச்சாரம்’. வீடு பேசி முடித்து அச்சாரம் வாங்கினவர்களுக்கு அது என்னவென்று தெரியும். சாவி கைக்கு வரும்வரை வாடகை வீட்டில்தான் இருக்க வேண்டும், ஒழுகுகிற கூரையாக இருந்தாலும். எம்மாவு வழியில் போன சீஷர்களும் ‘அவரே இஸ்ரவேலை மீட்டிரட்சிப்பவர் என்று நம்பியிருந்தோம்’ என்று துக்கத்தோடு சொன்னார்கள். சொன்னது யாரிடம்? உயிர்த்தெழுந்து கூடவே நடந்துகொண்டிருந்த இயேசுவிடமே, அடையாளம் தெரியாமல். நீங்களும் அவரிடமே சொல்லுங்கள், கோபமாகவே சொல்லுங்கள். வாரத்தில் ஒரு நாள் மருத்துவமனைக்கு உங்களுக்குத் துணையாக வர நான் தயார். பத்திரிகை அலுவலகம் வழியாக எழுதுங்கள்.

கேள்வி: நான் செய்ததை யாரிடமும் சொல்ல முடியாது. எனக்கு மீட்பு உண்டா? என்னை மீட்டு யாருக்கு என்ன லாபம்? பேர் எழுத விருப்பமில்லை.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன், மகளே. அந்தச் சங்கிலி கடையிலிருந்து வந்தபோது கொக்கி வளைந்து, ஒரு கண்ணி நெளிந்து, அழுக்கேறி இருந்தது. மாட்டை விற்ற பணத்துக்கு டவுனில் புதுச் சங்கிலியே எடுத்திருக்கலாம் என்று ஊரில் பேசினார்கள். சித்தப்பா அதற்குப் பதிலே சொல்லவில்லை. லாபம் பார்க்கிறவர் கடைக்குப் போயிருக்க மாட்டார்.

சின்ன வயசில் ஏசாயா 43-ஐ மனப்பாடம் செய்திருக்கிறேன். அந்த அட்டைத் துண்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது விளங்கிற்று. ‘பயப்படாதே; உன்னை மீட்டுக்கொண்டேன்; உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன்; நீ என்னுடையவன்.’ கடையில் இருந்த வரைக்கும் அது ஒரு எண். வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் சங்கிலி.

அடுத்த கடிதத்தில் உங்கள் பேரை எழுதுங்கள். இங்கே போட மாட்டேன். காலையில் ஜெபிக்கும்போது சொல்ல எனக்குப் பேர் வேண்டும்.